டெல்டா: பொருள், வழக்கு, மாற்றுச் சொற்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்தித்தாளிலும் அரசாணையிலும் தேர்தல் மேடையிலும் நாள்தோறும் அடிபடும் 'டெல்டா' என்ற ஆங்கிலப் பெயர்ச்சொல்லைப் பற்றித் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதி மாணவர்களும் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருப்போரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. ஒரே சொல் புவியியலில் ஒன்றையும், நிர்வாகத்தில் வேறொன்றையும், மோட்டார் கொட்டகையில் முற்றிலும் மற்றொன்றையும் குறிப்பதால், ஒவ்வொரு வழக்கையும் அதனதன் இடத்தில் வைத்துப் பார்ப்பதே குழப்பத்தைத் தவிர்க்கும் வழி.

டெல்டா என்ற சொல்லின் அடிப்படைப் பொருள் என்ன?

கடலையோ பெரிய நீர்நிலையையோ நெருங்கும் ஆறு, நிலத்தின் சாய்வு குறைவதால் வேகம் இழந்து, மேட்டுநிலத்திலிருந்து அள்ளி வந்த வண்டலையும் மணலையும் மேற்கொண்டு சுமக்க முடியாமல் இறக்கிவிடுகிறது. இப்படிப் பன்னெடுங்காலம் படிந்து உருவான தாழ்வான, வளமான நிலப்பரப்பே டெல்டா எனப்படுகிறது. தான் போட்ட மண்ணே தன் வழியை அடைத்துக்கொள்வதால், ஆறு பக்கவாட்டில் புது வழி தேடிப் பல கிளைகளாகப் பிரிவதும் டெல்டாவின் அடையாளம்.

காவிரியின் போக்கைப் பார்த்தால் இது தெளிவாக விளங்கும். குடகு மலையில் தோன்றி வரும் ஆற்றோடு ஹேமாவதி, கபினி, பவானி, நொய்யல், அமராவதி என ஆறுகள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கின்றன, இவை துணையாறுகள். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்ததும் சேர்வது நின்று பிரிவது தொடங்குகிறது. கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது. அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், திருமலைராஜன் ஆறு என்றும், வெண்ணாற்றின் பக்கம் தென்பெரம்பூரில் வெட்டாறு, நீடாமங்கலத்தில் கோரையாறு, பாமணியாறு என்றும் ஆறுகள் கிளைத்துக்கொண்டே போகின்றன. இவை கிளையாறுகள். துணையாறு, கிளையாறு என்ற இரண்டையும் மாற்றி எழுதுவது தேர்வுத் தாள்களில் அடிக்கடி காணப்படும் பிழை. கிளையாறுகள் மிகுந்த பகுதியே டெல்டா என்று நினைவில் கொண்டால் இந்தப் பிழை நேராது.

இத்தனை கிளைகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்த பிறகு, பூம்புகாரில் கடலைச் சேரும் காவிரி ஒரு பெரிய வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கும். திருச்சியில் அகன்ற காவிரியைப் பார்த்துவிட்டு அங்கே போகிறவர்கள் இதுவா அதே ஆறு என்று வியப்பது வழக்கம். டெல்டாவில் ஆறு இளைப்பதுதான் இயல்பு.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

கிரேக்க நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தின் பெயர் டெல்டா. அதன் பெரிய வடிவம் ஒரு முக்கோணம். எகிப்தில் நைல் ஆறு கிளைத்துக் கடலில் கலக்கும் நிலம் அந்த எழுத்தின் உருவத்தில் இருப்பதால், கிரேக்கர்கள் அந்நிலத்தை டெல்டா என்றே அழைத்தனர். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஹெரோடோட்டஸ் இப்பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார். தமக்கு முன்பே அயோனியக் கிரேக்கரிடம் அது வழங்கியதையும் அவர் எழுத்து காட்டுகிறது. கிரேக்க எழுத்தோ, கதவு என்று பொருள்படும் பெயரைக் கொண்ட ஒரு பினீசிய எழுத்திலிருந்து வந்தது. ஆக, ஓர் எழுத்தின் பெயர் முதலில் ஒரே ஓர் ஆற்றின் நிலத்துக்குச் சிறப்புப் பெயராகி, பின்னர் அத்தகைய நிலங்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராயிற்று.

நமக்கு இச்சொல் வந்து சேர்ந்தது ஆங்கிலேயர் காலப் பாசனப் பொறியியல் வழியாக. முக்கொம்பில் 1830-களில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன் போன்ற பொறியாளர்கள் காவிரி, கோதாவரி, கிருஷ்ணா ஆகிய ஆறுகளின் கீழ்ப்பகுதிகளை டெல்டா என்று குறித்தே திட்டங்களை வகுத்தனர். ஆந்திரத்திலும் இன்றுவரை கோதாவரி டெல்டா, கிருஷ்ணா டெல்டா என்றே சொல்வது இதன் தொடர்ச்சிதான்.

முக்கோணமாக இல்லாத நிலத்தையும் டெல்டா என்று சொல்லலாமா?

சொல்லலாம். மிசிசிப்பி ஆற்றின் டெல்டா பறவையின் கால்விரல்களைப் போலக் கடலுக்குள் நீண்டிருக்கிறது. அதையும் டெல்டா என்றே புவியியலார் கூறுகின்றனர். காவிரி டெல்டாவுக்கு இந்த ஐயமே எழாது. மேற்கே திருச்சிப் பக்கத்தை உச்சியாகவும், கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு முதல் தெற்கே கோடியக்கரை வரையிலான கடற்கரையை அடிப்பக்கமாகவும் கொண்டால் ஏறத்தாழ ஒரு முக்கோணம் கிடைத்துவிடும்.

கடலில் கலக்கும் எல்லா ஆறுகளுக்கும் டெல்டா உண்டா?

இல்லை. ஆறு போதிய வண்டலைக் கொண்டுவர வேண்டும். கலக்கும் இடத்தில் கடல் ஆழம் குறைந்திருக்க வேண்டும். வந்து சேரும் வண்டலை அலையும் ஓதமும் உடனுக்குடன் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க வேண்டும். மேற்குக் கரையில் நர்மதையும் தபதியும் டெல்டாவை உருவாக்காமல் அகன்ற வாயோடு கடலில் கலக்கின்றன. அப்படிக் கடல்நீர் உள்ளேறி ஆற்றுநீரோடு கலக்கும் வாய்ப்பகுதியை ஆங்கிலத்தில் எஸ்சுவரி என்பர். நம் பாடநூல்களில் அதற்குப் பொங்குமுகம் என்ற சொல் வழங்குகிறது. எஸ்சுவரியையும் டெல்டாவையும் ஒன்றுக்கொன்று மாற்றாக எழுதக் கூடாது. எஸ்சுவரி என்பது நீர்ப்பரப்பு, டெல்டா என்பது நிலப்பரப்பு.

கடலையே எட்டாத ஆற்றுக்கும் டெல்டா இருக்க முடியும். ஆப்பிரிக்காவில் ஒகவாங்கோ ஆறு போட்ஸ்வானா நாட்டின் உட்பகுதியில் பரந்து, அங்கேயே ஆவியாகியும் மண்ணில் இறங்கியும் முடிந்துபோகிறது. அந்தச் சதுப்பு நிலத்தின் பெயரும் ஒகவாங்கோ டெல்டா என்பதுதான்.

தமிழில் இதற்கு இணையான ஒரே சொல் எது? வடிநிலமா, படுகையா, கழிமுகமா?

இதுவே அதிகம் கேட்கப்படும் கேள்வி. முழுப் பொருளையும் ஒருசேரத் தாங்கும் ஒரு தமிழ்ச் சொல் இன்னும் நிலைபெறவில்லை என்பதே நேர்மையான விடை. புழக்கத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் பொருளின் ஒரு பகுதியை மட்டும் பிடித்துக்கொள்கிறது.

வடிநிலம் என்ற சொல்லைக் கட்டுரையாளர் பலர் டெல்டாவுக்கு நேராக எழுதுகின்றனர். காவிரி வடிநிலம் என்று படிக்கும்போது தஞ்சையும் திருவாரூரும் மனத்தில் தோன்றுவதால் அது பொருத்தமாகவே தெரிகிறது. ஆனால் பாசனத் துறையின் வழக்கு வேறு. தஞ்சாவூரில் கீழ்க்காவிரி வடிநில வட்டம் என்றும், வெண்ணாறு வடிநிலக் கோட்டம் என்றும் அலுவலகப் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. அங்கே வடிநிலம் என்பது ஆங்கிலத்தில் பேசின் எனப்படுவதற்கு நேரான சொல். பேசின் என்பது ஓர் ஆற்றுக்கு நீரைக் கொண்டுவந்து சேர்க்கும் முழுப் பரப்பு. காவிரியைப் பொறுத்தவரை அது கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு, புதுச்சேரி ஆகியவற்றில் பரவிய 81,155 சதுர கிலோமீட்டர். டெல்டா அதன் கடைசித் துண்டு மட்டுமே. அரசுக் கடிதத்தில் உள்ள வடிநிலத்தை டெல்டா என்று மொழிபெயர்த்தாலோ, கட்டுரையில் உள்ள வடிநிலத்தைப் பேசின் என்று மொழிபெயர்த்தாலோ குடகு மலைக்கும் கோடியக்கரைக்கும் உள்ள தொலைவு பொருளில் விழுந்துவிடும்.

கழிமுகம் என்பது ஆறு கடலோடு சேரும் இடத்தையும் அதை ஒட்டிய உப்பங்கழியையும் சுட்டும் பழைய சொல். பழையாற்றையோ, கோரையாறும் பாமணியாறும் சென்று சேரும் முத்துப்பேட்டைக் காயலையோ கழிமுகம் என்றால் தகும். கும்பகோணத்தைக் கழிமுகத்தில் உள்ள ஊர் என்று எழுதினால் அந்த ஊரார் சிரிப்பார்கள். முகத்துவாரம் இன்னும் குறுகலானது. ஆற்றின் வாயை மட்டும் அது குறிக்கும். முகத்துவாரம் தூர்ந்துவிட்டதால் படகுகள் தரைதட்டுகின்றன என்று கடலோர மீனவர்கள் முறையிடும்போது, அவர்கள் சொல்வது மணல் அடைத்துக்கொண்ட அந்தச் சில நூறு அடி வழியைத்தான்.

சோழ நாடு, புனல் நாடு, பொன்னி நாடு ஆகியவை செய்யுள் மணம் உள்ள பெயர்கள். 'சோழ வளநாடு சோறுடைத்து' என்ற பழைய தொடர் நினைவூட்டும் நிலமும் இதுவே. எனினும் இவை இந்த ஒரு நிலத்துக்குரிய சிறப்புப் பெயர்கள் என்பதால், கோதாவரிக்கோ மீகாங்குக்கோ பொருந்தா. வியட்நாமியர் தங்கள் நாட்டில் கிளைத்து ஓடும் மீகாங் ஆற்றை ஒன்பது டிராகன்களின் ஆறு என்கின்றனர். அதுவும் அந்த ஆற்றுக்கே உரிய பெயர்தான்.

எனவே பொதுப்படையாகவும் பிழைபட இடமின்றியும் எழுத வேண்டிய இடத்தில் டெல்டா என்றே எழுதலாம் என்பது இப்பக்கத்தின் கருத்து. தனித்தமிழில் எழுத விரும்புவோர் கிளையாற்று வண்டல் நிலம் என்று முதலில் விளக்கிவிட்டு, வடிநிலம் என்ற சொல்லை எந்தப் பொருளில் ஆள்கிறோம் என்பதையும் குறிப்பிட்டு எழுதினால் படிப்பவருக்கு இடர்ப்பாடு இருக்காது.

படுகை என்ற சொல் ஏன் இவ்வளவு குழப்பம் தருகிறது?

ஒரே பகுதியில் மூன்று தரப்பினர் மூன்று பொருளில் அதை ஆள்வதே காரணம்.

ஆற்றோரக் கிராமத்தில் படுகை என்றால், ஆற்றின் ஓட்டத்துக்கும் உயர்த்திக் கட்டிய கரைக்கும் இடையே கிடக்கும் வண்டல் நிலம். வெள்ளம் வந்தால் அது மூழ்கும். வடிந்தால் புதிதாக ஒரு படலம் வண்டல் விட்டுச் செல்லும். கரைமேல் நின்று பார்த்தால் ஒரு பக்கம் நெல்வயல் சமமாகக் கிடக்கும், மறுபக்கம் சரிவில் இறங்கியதும் வாழையும் மூங்கிலும் காய்கறிப் பாத்திகளும் தெரியும். அந்த மறுபக்கம்தான் படுகை. கொள்ளிடக் கரையில் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு என்று ஊர்ப்பெயர்களே இருக்கின்றன. படுகை, திட்டு என்று முடியும் பெயரைக் கேட்டவுடனேயே அது ஆற்றின் கையெட்டும் தூரத்தில் உள்ள ஊர் என்று உள்ளூரார் புரிந்துகொள்வர். கொள்ளிடத்தில் மிகுந்த நீர் திறக்கப்படும்போதெல்லாம் அங்குள்ள மக்கள் மேட்டுப் பகுதி முகாம்களுக்கு வர நேரிடுவதும் இதனால்தான்.

நதிநீர்ப் பங்கீட்டைப் பற்றிய செய்திகளில் காவிரிப் படுகை என்றால் மேலே சொன்ன பேசின், அதாவது நான்கு ஆட்சிப் பகுதிகளும் அடங்கிய முழுப் பரப்பு. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று பகிர்ந்தது இந்தப் படுகையின் நீரைத்தான்.

எண்ணெய், எரிவாயு பற்றிய செய்திகளில் வரும் காவிரிப் படுகையோ மண்ணியலார் சொல். நரிமணத்திலும் குத்தாலத்திலும் எண்ணெய், எரிவாயு எடுக்கப்படும் ஆழத்துப் பாறை அடுக்குகள் உருவான, கடலுக்கடியிலும் நீண்டு கிடக்கும் பள்ளத்துக்கு அந்தப் பெயர். இன்றைய ஆற்றின் போக்குக்கும் அந்தப் பள்ளத்தின் எல்லைக்கும் ஒற்றுமை தேட வேண்டியதில்லை. போராட்டத் துண்டறிக்கைகளில் இந்த மூன்று படுகைகளும் ஒரே பத்தியில் கலந்து கிடப்பதைப் பார்க்கலாம். மொழிபெயர்ப்பவர் வாக்கியத்தின் பொருளை வைத்தே எந்தப் படுகை என்று முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் டெல்டாவுக்கு இணைச்சொற்கள் உண்டா?

நேரான இணைச்சொல் இல்லை. இணையத்தில் உள்ள இணைச்சொல் பட்டியல்கள் எஸ்சுவரி, ரிவர் மவுத், ஃப்ளட் பிளெயின், அலூவியல் ஃபேன் ஆகியவற்றை ஒன்றாக அடுக்கிவைப்பதை அப்படியே நம்ப வேண்டாம். ரிவர் மவுத் என்பது முகத்துவாரம். ஃப்ளட் பிளெயின் என்பது ஆற்றின் எந்தப் பகுதியிலும் அமையக்கூடிய வெள்ளச் சமவெளி. அலூவியல் ஃபேன் என்பது மலையடிவாரத்தில் ஆறு சமவெளியில் இறங்கும் இடத்தில் விசிறிபோல் படியும் மண். அது உருவாகும் முறை டெல்டாவை ஒத்தது, இடம் வேறு.

ஆங்கிலேயரும் அமெரிக்கரும்கூட இச்சொல்லைத் தளர்வாக ஆள்வதுண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் டெல்டா என்று அழைக்கப்படும் பகுதி கடற்கரையிலிருந்து வெகுதொலைவில், மிசிசிப்பிக்கும் யாசூ ஆற்றுக்கும் இடையே உள்ள வெள்ளச் சமவெளி. புவியியல் வரையறைப்படி அது டெல்டாவே அன்று. ஆனாலும் அந்தப் பெயரை அங்கே யாரும் மாற்றப் போவதில்லை.

டெல்டா மாவட்டங்கள் என்று எவற்றைச் சொல்ல வேண்டும்?

மண்ணை வைத்துச் சொன்னால் ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் பெரும்பகுதி. அந்த மாவட்டத்திலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997-இல் பெரும்பாலும் நாகப்பட்டினத்தின் பகுதிகளைக் கொண்டு திருவாரூர் உருவானது. 2020-இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. இந்த நான்கையும் டெல்டா மாவட்டங்கள் என்று சொல்வதில் யாருக்கும் மாறுபாடு இல்லை.

இதற்கு மேல் எல்லை எங்கே போகிறது என்பது சொல்பவரின் நோக்கத்தைப் பொறுத்தது. கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை உள்ள அணைக்கரையில் பிரியும் வாய்க்கால்களாலும் வீராணம் ஏரியாலும் பாசனம் பெறும் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரங்கள் கடலூர் மாவட்டத்தில் இருந்தாலும் டெல்டாவைச் சேர்ந்தவையே. திருச்சி, அரியலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில பகுதிகளையும் வேளாண் அறிவிப்புகள் இதில் சேர்ப்பதுண்டு. 2020 பிப்ரவரியில் நிறைவேறிய தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களை முழுமையாகவும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில வட்டாரங்களை மட்டும் தனித்தனியாகவும் பட்டியலில் கொண்டுவந்தது. ஒரு விவசாயிக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தம் வட்டாரம் அந்தப் பட்டியலுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதைப் பொறுத்தே பக்கத்து நிலத்தில் எந்தத் தொழில் வரலாம், எது வரக் கூடாது என்பது அமையும். ஆகவே சட்டம் பற்றி எழுதும்போது டெல்டா மாவட்டங்கள் என்று பொதுவாகச் சொல்லாமல் வட்டாரத்தின் பெயரை எழுதுவதே முறை.

அரசியலில் இச்சொல் ஊர்ப்பற்றின் பெயராகவே ஆகிவிட்டது. 2023 ஏப்ரலில் நிலக்கரிச் சுரங்க அறிவிப்பு பற்றிச் சட்டப்பேரவையில் பேசிய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தாமும் ஒரு டெல்டாக்காரர்தான் என்று குறிப்பிட்டார். அங்கே டெல்டா என்பதற்கு வண்டல் நிலம் என்று அகராதிப் பொருள் எழுதினால் வாக்கியத்தின் உயிர் போய்விடும்.

பழைய டெல்டா, புதிய டெல்டா என்பவை யாவை?

கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு ஆகியவற்றின் வழியாகத் தொன்றுதொட்டுப் பாசனம் பெற்றுவரும் பரப்பு பழைய டெல்டா. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட காலத்தில் கல்லணைக் கால்வாய் வெட்டப்பட்டு, அதனால் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் புதிதாகப் பாசனம் பெற்ற பரப்பு புதிய டெல்டா. மக்கள் இந்தக் கால்வாயைப் புது ஆறு என்கின்றனர். தஞ்சாவூர் நகரின் நடுவே ஓடுவதும் அதுதான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. புது ஆறு பாயும் நிலத்தில் பெரும்பகுதி செம்மண் மேட்டுநிலம். காவிரி வண்டல் படிந்து உருவானது அன்று. மண்ணியல் நோக்கில் அதை டெல்டா என்று சொல்ல முடியாது. காவிரி நீர் அங்கே போய்ச் சேர்ந்ததும் பெயரும் கூடவே போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த வழக்கில் டெல்டா என்பது மண்ணின் பெயராக இல்லாமல் பாசன உரிமையின் பெயராகிவிட்டதால், ஆங்கிலத்துக்கு மாற்றும்போது பாசனப் பகுதி என்ற பொருளும் தோன்றும்படி எழுத வேண்டும்.

டெல்டா விவசாயிகள் தங்களுக்குள் பேசும்போதும் டெல்டா என்றுதான் சொல்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு எழுதும்போதும், சென்னைக்காரரிடம் ஊரை அறிமுகப்படுத்தும்போதும், தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுக்கும்போதும் டெல்டா என்ற சொல் வரும். வரப்பில் நின்று பக்கத்து வயல்காரரிடம் பேசும்போது அதற்கு வேலை இல்லை. ஆற்றுப் பாசனமா, போர் (ஆழ்துளைக் கிணற்று) பாசனமா என்பதும், தண்ணீர் முதலில் வந்து சேரும் தலைமடையா, கடைசியில் வந்து சேரும் கடைமடையா என்பதுமே அங்கே பேச்சு. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது என்ற மரபு தவறாமல் நடந்தாலும், தலைமடைக்காரருக்குத் தண்ணீர் வந்து பல நாள் கழித்துத்தான் வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்காரருக்கு வரும்; சில ஆண்டுகளில் வராமலே போவதும் உண்டு. தலைமடை குறுவை நடவை முடித்த வேளையில் கடைமடை வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருக்கும். டெல்டா என்ற ஒரே சொல் இந்த வேறுபாட்டை மூடிவிடுகிறது என்பதால், களச் செய்தி எழுதுவோர் தலைமடை, கடைமடை ஆகிய சொற்களையும் சேர்த்து ஆள்வது நல்லது.

காரைக்கால் டெல்டாவில் அடங்குமா?

நிலத்தால் அடங்கும், அரசலாறு அங்கேதான் கடலில் கலக்கிறது. புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்தது என்பதால், தமிழ்நாடு அரசின் டெல்டா மாவட்டம் என்ற தொடரில் அடங்காது.

மோட்டார் கொட்டகையில் சொல்லும் ஸ்டார் டெல்டாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

முக்கோணம் ஒன்றுதான் தொடர்பு. மும்முனை மின்சாரத்தில் ஓடும் மோட்டாருக்குள் மூன்று சுருள்கள் உண்டு. அவற்றின் ஒரு பக்க முனைகள் மூன்றையும் ஒரே புள்ளியில் சேர்த்தால் அது ஸ்டார் இணைப்பு. ஒன்றின் வால் அடுத்ததன் தலையோடு சேருமாறு சுற்றிவர இணைத்தால் முக்கோணம் கிடைக்கும். அது டெல்டா இணைப்பு.

பெரிய மோட்டாரை எடுத்த எடுப்பில் டெல்டாவில் ஓடவிட்டால் தொடக்க மின்னோட்டம் மிக அதிகமாக இழுக்கும். ஃபியூஸ் போகும், அதே டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள வீடுகளில் விளக்கு மங்கும். ஸ்டாரில் தொடங்கினால் மின்கம்பியிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். பச்சைப் பொத்தானை அழுத்தியதும் மோட்டார் முதலில் மெல்ல உறுமி, சில விநாடிகளில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் டக்கென்று ஓர் ஒலி எழுந்தபின் முழு வேகம் எடுப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறும் ஒலி அது. கைப்பிடி வைத்த பழைய வகை ஸ்டார்ட்டரில் இந்த மாற்றத்தைக் கையாலேயே செய்ய வேண்டும். மோட்டாரிலிருந்து ஸ்டார்ட்டருக்கு மூன்று கம்பிகளுக்குப் பதில் ஆறு கம்பிகள் வருவதைக் கொண்டே அது ஸ்டார் டெல்டா இணைப்பு என்று எலக்ட்ரீஷியன் கண்டுகொள்வார்.

டெல்டாவில் உள்ள போர் செட்டில் டெல்டா என்று சொன்னால் எது எதைக் குறிக்கிறது என்று வெளியூர் மொழிபெயர்ப்பாளர் திகைப்பது இயற்கையே. மின்னியல் டெல்டாவை முக்கோண இணைப்பு என்று எழுதினால் சிக்கல் தீர்ந்தது. ஆனால் கடையில் பொருள் கேட்கும்போது ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் என்றே கேட்க வேண்டும்.

கணக்கிலும் அலுவலகப் பேச்சிலும் வரும் டெல்டாவுக்கு என்ன பொருள்?

மாற்றத்தின் அளவு அல்லது வேறுபாடு. கணிதத்தில் ஓர் அளவின் முன் முக்கோணக் குறி இட்டால் அந்த அளவில் ஏற்பட்ட மாற்றம் என்று படிக்க வேண்டும். இருபடிச் சமன்பாட்டின் தன்மைகாட்டிக்கும் இதே குறியைப் பள்ளியில் காணலாம். மென்பொருள் நிறுவனங்களில் டெல்டா மட்டும் அனுப்புங்கள் என்று ஒருவர் சொன்னால், முந்தைய கோப்புக்கும் இப்போதைய கோப்புக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் கேட்கிறார் என்று கொள்ள வேண்டும். தமிழில் வேறுபாடு, மாற்றம் ஆகிய சொற்களே இங்கே போதும்.

டெல்டா வகை கொரோனா, டெல்டா விமான நிறுவனம், டெல்டா இறக்கை ஆகியவை?

கொரோனா வகைக்குக் கிரேக்க எழுத்து வரிசையில் அப்பெயரை 2021 மே மாத இறுதியில் உலக சுகாதார நிறுவனம் இட்டது. ஆல்ஃபா, பீட்டா, காமாவுக்கு அடுத்தது என்பதைத் தவிர அதில் வேறு பொருள் இல்லை. காவிரி டெல்டாவோடு எவ்விதத் தொடர்பும் இல்லை. அமெரிக்க விமான நிறுவனத்தின் பெயர், மேலே சொன்ன மிசிசிப்பிப் பகுதியிலிருந்து வந்தது. டெல்டா இறக்கை என்பது முக்கோண வடிவ விமான இறக்கை. இந்தியாவின் தேஜஸ் போர் விமானத்தில் அதைக் காணலாம். தோள்பட்டையை மூடிய முக்கோணத் தசையை மருத்துவர்கள் டெல்டாய்டு என்பதும் இதே உருவத்தால்தான்.

ஆங்கில வாக்கியத்தில் டெல்டாவை எப்படி ஆள வேண்டும்?

எண்ணக்கூடிய பெயர்ச்சொல் என்பதால் பன்மையில் டெல்டாஸ் என்று வரும். குறிப்பிட்ட ஆற்றின் பெயரோடு சேரும்போது முன்னால் தி என்ற சுட்டு வேண்டும். அதைத் தமிழர் பலர் விட்டுவிடுகின்றனர். டெல்டாவில் வாழ்கிறேன் என்பதற்கு இன் என்ற முன்னிடைச்சொல்லே பொருந்தும். ஆன், அட் ஆகியவை பொருந்தா. பெயரடை வடிவம் டெல்டாயிக். அது மண், படிவு, சமவெளி ஆகியவற்றோடு ஆய்வுக் கட்டுரைகளில் வரும். பேச்சில் டெல்டா என்பதையே பெயரடையாகவும் ஆளலாம்.

தமிழில் வேற்றுமை உருபும் ஒற்றும் சேர்ப்பது எப்படி?

ஆகார ஈற்றுச் சொல் என்பதால் வகர உடம்படுமெய் பெறும்: டெல்டாவில், டெல்டாவின், டெல்டாவுக்கு, டெல்டாவை. பன்மை டெல்டாக்கள், ஊர்க்காரரைக் குறிக்கும்போது டெல்டாக்காரர். டெல்டா பகுதி, டெல்டா பாசனம் என்று ஒற்று மிகாமல் எழுதுவதே செய்தித்தாள் வழக்கு. டெல்டாப் பகுதி என்று எழுதுவோரும் உளர். அதைப் பிழையென்று திருத்த வேண்டியதில்லை. ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.